சான்றிதழ் மருந்து கொடுக்குமா?

தமிழ்ப் பகுதிகளிலே மருந்துக்கடை இல்லாத சந்தி இன்று அரிதாகிவிட்டது. வைத்தியசாலை வாயில்களில் அவை வரிசையாக நிற்கின்றன. பஸ் தரிப்பிடத்துக்கு அருகே நிற்கின்றன. முன்னர் பலசரக்குக்கடை இருந்த இடத்திலும் முளைத்திருக்கின்றன. நோயுற்றவர் பத்து மைல் அலையாமல் மருந்து பெறுகின்றார் என்றால் அது நன்மையே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆயின் இக்கடைகளுட் புகுவோர் கண்ணில் முதலிற் படுவது, சுவரிலே கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் ஒரு சான்றிதழ். பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பெயர் அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அப்பெயருக்குரியவர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "இப்போதுதான் வெளியே போனார்" என்பார்கள். நேற்றும் அவர் அப்போதுதான் வெளியே போயிருந்தார், நாளையும் போயிருப்பார். மருந்தை எடுத்துக் கொடுப்பவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் இளைஞர்; அல்லது முதலாளியின் மைத்துனர்.

எல்லாக் கடைகளும் இத்தகையன என்று எழுதினால் அஃது அநியாயம். காலை முதல் இரவுவரை கடையிலேயே நின்று, வைத்தியர் எழுதிய துண்டை இருமுறை படித்து, ஐயம் உண்டானால் வைத்தியரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டபின் மருந்து கொடுக்கும் மருந்தாளர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு நம் வணக்கம். நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி.

சட்டம் இவ்விடயத்தில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நெடுங்காலம் மருந்து வணிகத்தை ஆண்டது. அதன் இடத்துக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது. இரண்டின் கருத்தும் இதில் ஒன்றே. பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில் நடக்கும் என்ற உறுதியின் பேரிலேயே கடைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகின்றது. அனுமதி கட்டடத்துக்கு அன்று, அலமாரிக்கும் அன்று, குளிரூட்டிக்கும் அன்று. அறிவுடைய ஒருவர் அங்கே நிற்பார் என்பதற்கே அனுமதி. அவர் நில்லாதபோது அந்த இடம் குளிசை விற்கும் பலசரக்குக்கடையே தவிர வேறில்லை.

மாதம் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, தம் சான்றிதழைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வேறோர் இடத்தில் தொழில் பார்க்கும் மருந்தாளர்கள் உளர் என்பது இத்துறையில் உள்ள எவரும் அறியாத இரகசியம் அன்று. சிலர் அரசாங்க வைத்தியசாலையிற் கடமையாற்றுகின்றனர். சிலர் வேறு மாவட்டத்தில் இருக்கின்றனர். இவர்கள் படித்தவர்கள். இப்பத்திரிகையை வாசிப்பவர்களும் இவர்களுள் இருக்கக்கூடும். அவர்களை நாம் நேரிலே கேட்கின்றோம். வயலைக் குத்தகைக்கு விடலாம். உடையவர் ஊரில் இல்லாவிடினும் மண் அங்கேயே கிடக்கும், நெல் விளையும். அறிவைக் குத்தகைக்கு விட முடியுமா? நீங்கள் கற்றது உங்கள் தலையில் இருக்கின்றதா, அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கின்றதா? ஒரு தாய் தன் குழந்தைக்கு வாங்கிய மருந்தில் அளவு பிழைத்தால், சட்டத்தின் கண்ணில் அம்மருந்து உங்கள் கண்காணிப்பிற் கொடுக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தீர்களா?

மருந்தாளரின் வேலை என்ன? அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுப்பதுதானே என்று எண்ணுவோர் பலர். இங்கிலாந்தில் 1980களில் நடந்த வழக்கு ஒன்றை அவர்களுக்குக் கூறுவோம். தொய்வு நோயுடைய ஒருவர் நெஞ்சுச் சளித் தொற்றுக்காக வைத்தியரிடம் சென்றார். வைத்தியர் அமொக்சில் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினார். எழுத்து விளங்கவில்லை. மருந்தாளர் அதனை டேயோனில் என்று படித்தார். டேயோனில் நீரிழிவுக்காரருக்குக் கொடுக்கப்படுவது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைப்பது. நீரிழிவே இல்லாத அம்மனிதர் அதனை விழுங்கினார், சர்க்கரை வீழ்ந்தது, மூளை மீளாச் சேதம் அடைந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. கிறுக்கலாக எழுதிய வைத்தியர்மீது நூற்றுக்கு 25 பங்கு பொறுப்பும், கொடுத்த மருந்தாளர்மீது நூற்றுக்கு 75 பங்கு பொறுப்பும் சுமத்தப்பட்டன. எழுத்து மோசமானது என்பது உண்மையே. ஆயின் துண்டில் இருந்த அளவே இது டேயோனில் ஆகாது என்று மருந்தாளருக்கு உணர்த்தியிருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. கண்ணாற் படித்தது போதாது, கருத்தாற் படித்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு.

அங்கே கடையில் நின்றவர் தகுதிபெற்ற மருந்தாளர். நின்றும் பிழைத்தார். இங்கோ அவர் நிற்பதே இல்லை!

பெயரின் மயக்கம் ஒருபுறம் இருக்க, அளவின் மயக்கம் அதனினும் கொடிது. மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேற் என்னும் குளிசையை வைத்தியர் எழுதுகின்றார். அது வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளவேண்டியது. நாளொன்றுக்கு ஒன்று என்று உறையில் எழுதிக் கொடுத்துவிட்டால் சில நாட்களுள் வாய் புண்ணாகும், எலும்பு மச்சை இரத்தம் ஆக்குவதை நிறுத்தும், உயிரே போகும். உலகின் பல நாடுகளில் இப்படி மரணங்கள் நேர்ந்துள்ளன. மெற்போமின் நீரிழிவுக்கு உரியது. மெற்றோனிடசோல் தொற்றுக்கு உரியது. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. தைரொக்சின் குளிசையில் 25, 50, 100 மைக்கிரோகிராம் என்று தனித்தனி அளவுகள் உள. பெட்டிகளோ உடன்பிறந்தவை போலத் தோன்றும். இவற்றை வேறுபிரித்து அறிவதற்குப் பழக்கம் மட்டும் போதாது, படிப்பும் வேண்டும். பத்து ஆண்டு கடையில் நின்ற பையனுக்கு மருந்து எந்தத் தட்டில் இருக்கின்றது என்பது தெரியும். அதனை ஏற்கெனவே இரத்தம் ஐதாக்கும் மருந்து உட்கொள்ளும் கிழவருக்குக் கொடுக்கலாமா என்பது தெரியாது.

மருந்து விடயத்திலே கொழும்பின் குற்றங்களைச் சொல்ல வேண்டுமானால் நம் பேனாவுக்கு மை போதாது. 2021இல் மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கணினியிலிருந்த தரவுகள் அழிந்துபோயின. 2023இல் நுவரெலியா வைத்தியசாலையிற் கண்ணறுவை செய்துகொண்டோர் பலர், இறக்குமதியான கண்துளி மருந்தினாற் கேடுற்றுப் பார்வை பாதிக்கப்பட்டனர். அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு அம்பலமாயிற்று. முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியிற் கைதுசெய்யப்பட்டார். குற்றம் இன்னாருடையது என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. கொள்வனவுக் கதவு உடைந்து கிடந்தது என்பதை மட்டும் நாடே கண்டது. கொழும்பைக் குறைகூறுவதில் நாம் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆயின் நம் சந்தியில் உள்ள கடையின் சாவி கொழும்பிலா இருக்கின்றது? சான்றிதழை வாடகைக்குக் கொடுத்தவரும் நம்மவர்; வாங்கி மாட்டியவரும் நம்மவர்; விழுங்குபவரும் நம்மவர். இதற்கும் அமைச்சரைக் காரணம் சொல்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

தொழிற்சாலையில் நேர்ந்த பிழையைக் கடைக்காரர் தடுக்க முடியுமா என்று கேட்கலாம். முழுவதும் முடியாது. 2022இல் மேற்காபிரிக்காவில் உள்ள காம்பியாவிலே ஏறத்தாழ 70 குழந்தைகள் இருமற் பாணியைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். 2025 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே சிந்த்வாராப் பகுதியில் அதே கதை. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். இம்முறை மருந்து ஆக்கப்பட்ட இடம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம். பாக்குநீரிணைக்கு அப்பால், நமக்கு அயல். இரண்டு இடங்களிலும் டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு மருந்திற் கலந்திருந்தது. இலங்கை தன் மருந்துகளிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றது; அவற்றுட் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகின்றது. நாளை ஒரு மருந்தின் குறித்த தொகுதியில் நஞ்சு இருக்கின்றது, மீளப் பெறுக என்று அறிவித்தல் வந்தால் நம் கடைகளில் என்ன நடக்கும்? அத்தொகுதி தம்மிடம் வந்ததா, எத்தனை போத்தல் வந்தது, யாருக்கு விற்கப்பட்டது என்று சொல்லும் ஏடு எத்தனை கடைகளில் உண்டு? பற்றுச்சீட்டே எழுதாத கடையில் இதற்கு விடை கிடையாது. விமானத்திலும் பொதியிலும் சென்னையிலிருந்து வந்து, பதிவின்றி அலமாரியில் ஏறிய மருந்துக்கோ விடை கேட்கவும் ஆளில்லை.

கத்தரிக்கோலின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். பத்துக் குளிசை உள்ள அட்டையில் நான்கு போதும் என்றால் கடைக்காரர் வெட்டிக் கொடுக்கின்றார். வறியவர் கையில் உள்ள காசுக்கு ஏற்ப வாங்குவதை நாம் பழிக்க மாட்டோம். ஆயின் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அட்டையின் ஓர் ஓரத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். வெட்டும்போது அந்த ஓரம் யாரிடம் போகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். கடையில் அது நின்றால் உங்கள் வீட்டுக்கு வந்தது பெயரும் இல்லாத வயதும் இல்லாத நான்கு குளிசை. உங்களிடம் அது வந்தால் கடையில் எஞ்சிய ஆறும் அநாதைகள். அடுத்தவருக்கு அவை எந்த ஆண்டிலும் விற்கப்படலாம். வெட்டிக் கொடுப்பதாயின் மருந்தின் பெயர், வலிமை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவற்றை உறையில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பேனாவும் அரை நிமிடமும்.

அடுத்தது வெயில். பெரும்பாலான குளிசைப் பெட்டிகளில் 30 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் வைக்கவும் என்று அச்சிடப்பட்டுள்ளது. சிலவற்றில் 25 பாகை என்றும் உண்டு. சித்திரை வைகாசியிலே கிளிநொச்சியிலும் மன்னாரிலும் தகரக் கூரையின் கீழ், கதவு பூட்டிய கடைக்குள் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் எத்தனை பாகை இருக்கும் என்று அங்கே வாழ்வோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சுவரில் ஒரு வெப்பமானி தொங்குகின்றதா? காலையும் மாலையும் அதன் அளவை யாரேனும் குறிக்கின்றனரா?

இன்சுலினைப் பொறுத்தவரை இது உயிர்ப் பிரச்சினை. திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருத்தல் வேண்டும். வெப்பம் ஏறினால் அதன் வலு குறையும். உறைந்துவிட்டாலோ எறிந்துவிட வேண்டியதுதான். கேட்டைக் கண்ணாற் காண முடியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. பழுதான பால் திரைந்து காட்டிவிடும். பழுதான இன்சுலின் தெளிந்த நீராகவே நிற்கும். ஊசி போட்டவர் ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று வைத்தியர் அளவைக் கூட்டுவார். பின்பு நல்ல இன்சுலின் கிடைக்கும் நாளில் அந்தக் கூட்டிய அளவே நோயாளரை வீழ்த்தும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது நம் கடைகளின் குளிரூட்டிகளுக்குள் என்ன நேர்ந்தது என்று யார் கணக்கெடுத்தார்? மின்பிறப்பாக்கி வைத்திருந்த கடைகள் உண்டு. எரிபொருளுக்கு வரிசையில் நின்று தோற்ற கடைகளும் உண்டு. அந்த இருப்பு எறியப்பட்டதா, விற்கப்பட்டதா? மருந்துக் குளிரூட்டிக்குள் சோடாப் போத்தலும் தயிர்ச் சட்டியும் இருக்கக் கண்டால், அடிக்கடி அதன் கதவு திறக்கப்படுகின்றது என்று அறிந்துகொள்ளுங்கள். வீட்டிலே குளிரூட்டி இல்லாத கமக்காரக் குடும்பம் என்ன செய்வது என்பதையும் மருந்தாளரே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் போத்தல் நனையாமல் வைக்கலாம். பாவிக்கத் தொடங்கிய போத்தலை ஏறத்தாழ நான்கு வாரத்துள் முடிக்கவேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் அங்கே நிற்றல் வேண்டும்.

கமக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. விதை வெங்காயம் வாங்கும்போது நீங்கள் கையால் அழுத்திப் பார்க்கின்றீர்கள். எந்தத் தோட்டத்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று நூறு கேள்வி கேட்கின்றீர்கள். விதைநெல்லை நீரிலிட்டுச் சாவியை நீக்குகின்றீர்கள். அறுவடை முடிந்து உடம்பு நொந்தபோது மருந்துக்கடையில், "தம்பி, உழைவுக்கு இரண்டு குளிசை தா" என்று வாங்கி அங்கேயே நின்று விழுங்குகின்றீர்கள்! அந்த இரண்டும் என்ன என்று கேட்டதுண்டா? நோ தணிக்கும் குளிசைகளுள் டைக்குளோபினக் போன்றவை சிறுநீரகத்துக்குப் பகை. நாள் முழுதும் வெயிலில் நின்று நீர் வற்றிய உடம்பிலும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ள உடம்பிலும் அப்பகை இருமடங்கு. வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் காரணம் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கமக்காரரையே தேடித் தாக்குவதை அறிவோம். அந்நோய்க்குக் குளிசைதான் காரணம் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூற ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை இக்குளிசை மேலும் நலிவிக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. உறைக்குள் பெயரின்றி வரும் வெள்ளைக் குளிசையுடன் ஒரு சிறு குளிசை சேர்ந்திருந்தால் அது பிரெட்னிசொலோனாகவும் இருக்கலாம். அன்று மாலையே நோ பறக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும். கைராசிக் கடை என்று ஊரெல்லாம் புகழும் கடைகள் சிலவற்றின் இராசி இதுவே.

நுண்ணுயிர்க்கொல்லியும் இப்படியே. தடிமனுக்கு இரண்டு அமொக்சிசிலின் கேட்பதும், கேட்டவுடன் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டன. தடிமன் வைரசினால் வருவது. அமொக்சிசிலினுக்கு அங்கே வேலையில்லை. கொல்லப்படாமற் பழக்கப்பட்ட கிருமிகள் பின்னொரு நாள் அறுவைக்கூடத்திலே அந்த மருந்துக்கு அடங்க மறுக்கும். பூச்சிநாசினியை மாறி மாறி அடித்து, அதற்கு அடங்காத பூச்சியை வளர்த்துவிட்ட தோட்டக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிரிகாபலின் போன்ற நரம்பு மருந்துகள் வைத்தியர் துண்டின்றி இளைஞர் கைக்குப் போய்ப் போதையாவதைப் பற்றிப் பொலீசார் பிடிக்குந்தோறும் செய்தி வருகின்றது. பிடிபடுவது பெரும்பாலும் பையன்கள். அது எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு.

இனி மொழி. மேல்நாட்டு மருத்துவத்துக்குத் தமிழ் போதாது என்போர் மானிப்பாய்க்குப் போய் வரட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அங்கே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் இரணவைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. இவ்வளவுக்கும் பின்னர், நெடுந்தீவிலிருந்து படகேறி வந்த மூதாட்டி கையிற் கொண்டு போகும் மருந்து உறையில் இருப்பது என்ன? பி.டி., ரி.டி.எஸ். என்னும் இலத்தீன் குறுக்கங்கள். அல்லது பென்சிலால் இழுத்த இரண்டு கோடுகள். பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஆங்கிலத்தில். இங்கே அமைச்சரும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம். கடைக்காரர் தமிழர், வாங்குபவர் தமிழர், நடுவில் நிற்கும் உறை மட்டும் ஏன் அந்நியம்? "காலை உணவுக்குப் பின் ஒன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று, ஏழு நாள், நடுவில் நிறுத்த வேண்டாம்" என்று எழுத எவர் தடை? மொழியுரிமைக்காக மேடையில் முழங்கிவிட்டுக் கடையிலே பி.டி. என்று கிறுக்கும் கனவான்களை நாம் அறிவோம். வைத்தியர்களும் இதில் தப்ப முடியாது. மருந்தின் பொதுப்பெயரைத் துண்டில் எழுதவேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. பொதுப்பெயர் எழுதுவோர் எத்தனை பேர், விளங்க எழுதுவோர் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகின்றோம்.

பொதுப்பெயர் என்றவுடன் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைக்காமல் இருக்க முடியாது. பேராதனையில் மருந்தியல் கற்பித்த அவரது முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பெயருக்குப் பணம் கொடுக்காதே, மருந்துக்குக் கொடு என்பதே அவர் கொள்கை. 1977இல் அவர் கயானாவில் மறைந்தார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது நல்ல காரியம். ஆயின் விலையுயர்ந்த பெயர்மருந்துக்குப் பதிலாக அதே பொருளைக் கொண்ட மலிந்த மருந்து இருக்கின்றது, அது தரத்திற் குறைந்ததன்று என்று கமக்காரருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர் யார்? கூடிய இலாபம் தரும் பெட்டியை முன்னே நகர்த்தும் விற்பனையாளர் சொல்ல மாட்டார். அதற்கும் மருந்தாளரே வேண்டும்.

கடைக்காரர்களின் மறுமொழியையும் நாம் கேட்டே எழுதுகின்றோம். "மருந்தாளர் கிடையாது; கிடைத்தாலும் அவர் கேட்கும் சம்பளம் கிராமத்துக் கடைக்குக் கட்டாது; சட்டத்தை இறுக்கினால் கடையைப் பூட்டுவோம், சனங்கள் பட்டணத்துக்கு அலையட்டும்" என்கின்றனர். இதில் பாதி உண்மை இருக்கின்றது. யுத்த காலத்திலே மருந்துகளே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, வன்னியிலும் குடாநாட்டிலும் கிடைத்ததைக் கொடுத்து உயிர் காத்தவர்கள் சான்றிதழ் இல்லாத பலரே. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனால் முற்றுகைக் காலத்து வழக்கத்தைச் சந்தைக் காலத்து வணிகம் தனக்குக் கவசமாக்கக் கூடாது. அன்று மருந்து இல்லை. இன்று மருந்து மலைபோல் இருக்கின்றது, அறிந்து கொடுப்பவர்தான் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மருந்தியற் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றது. அவர்கள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விண்ணப்பம் எழுதுவதற்கு ஒரு காரணம், இங்கே சான்றிதழுக்கு மாத வாடகை உண்டு, உழைப்புக்கு உரிய ஊதியம் இல்லை என்பதே. வாடகை ஒழிந்தால் ஊதியம் உயரும். வாடகை மலிவாக இருக்கும்வரை எந்த முதலாளி முழுநேர மருந்தாளரை வைப்பார்?

கிராமத்துக்கு ஒரு வழி உண்டு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நமக்குப் புதியன அல்ல. மூளாயிலே வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக் காட்டிய மண் இது. அயலில் உள்ள மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரு மருந்தாளருக்கு மனம்நிறைந்த சம்பளம் கொடுக்க முடியும். காலையில் ஓரிடம், பிற்பகலில் ஓரிடம், மாலையில் ஓரிடம். அவர் நிற்கும் மணித்தியாலங்களில் மட்டும் துண்டுமருந்து கொடுக்கப்படும். மற்ற நேரத்தில் பரசிற்றமோலும் சீவனியும் விற்கட்டும். கமக்காரர் சம்மேளனங்கள் உரம் பற்றிக் கூடும்போது இதனையும் பேசலாம். படுவான்கரையிலும் நெடுங்கேணியிலும் இது முதலில் தொடங்கப்படுமானால் பட்டணத்துக் கடைகள் வெட்கப்பட்டாவது பின்தொடரும்.

இவற்றையெல்லாம் மேற்பார்க்க உணவு மருந்துப் பரிசோதகர்கள் உளர். அவர்கள் மாகாண சுகாதார நிர்வாகத்தோடு கடமையாற்றுபவர்கள். சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரம். வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்து ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன என்பது நம் பெருங்குறை. ஆயினும் திணைக்களம் கலையவில்லை, பரிசோதகரின் அதிகாரமும் காலாவதியாகவில்லை. அதிகாரத்தைக் கேட்டு நிற்பவர்கள் கையிலுள்ள அதிகாரத்தைப் பாவித்துக் காட்ட வேண்டாமா? பரிசோதகர் வரும் நாள் முதல் நாளே கடைகளுக்குத் தெரிந்துவிடுகின்றது என்று சனங்கள் பேசிக்கொள்கின்றனர். அது பொய் என்று திணைக்களம் செயலாற் காட்டட்டும். முன்னறிவித்தல் இன்றி, இரவு எட்டு மணிக்கும் ஞாயிறு காலையிலும் செல்லட்டும்.

ஒவ்வொரு கடை வாயிலிலும், கடமையிலுள்ள மருந்தாளரின் பெயரும் பதிவிலக்கமும் அவர் நிற்கும் நேரமும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிய பலகை வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் அப்பலகை திருப்பி வைக்கப்பட வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களம் இதனை ஒரு சுற்றறிக்கையாற் செய்யலாம். அதன்பின், சென்று பார்த்த கடைகள் எத்தனை, பெயருக்குரியவர் நின்ற கடைகள் எத்தனை, சான்றிதழ் மட்டும் நின்ற கடைகள் எத்தனை என்ற கணக்கை மாவட்டந்தோறும் எடுத்து எமக்கு அனுப்பட்டும். அதனை ஓர் எழுத்தும் குறையாமல் வெளியிட இப்பத்திரிகையின் முதற் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.